பன்னிரண்டு நாள் பச்சை

றோஸ்மலர் என் தேநீரில் இரண்டாவது தடவையாகச் சீனி போட்டார். நான் தடுக்கவில்லை. அழுகிற கட்சிக்காரர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். டிஷ்யூவை நீட்டி, ஒரு ஜோக் அடித்து, அவர்கள் வீட்டு மீன்தொட்டியைப் பாராட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். அழாதவர்களை என்ன செய்வதென்று பதினோரு வருட லண்டன் வாழ்க்கையில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

டூட்டிங்கில் ஒரு இறைச்சிக் கடைக்கு மேலே இருந்தது அவர் வீடு. சனிக்கிழமை காலை, ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால். என் பக்கத்தில் சிவரூபினி அக்கா, கைப்பையை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் கவுன்சிலில் பெனிபிட் என்கிற அரசு உதவித்தொகைக்கு வரும் பொய் விண்ணப்பங்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த மூக்கு ஓயவில்லை, இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் சுந்தரராஜன், திண்டுக்கல்காரன். அக்காவின் உதவியாளன். அவர் சிரிக்காத அத்தனை ஜோக்குகளும் என்னுடையவை.

"சொல்லுங்கோ," என்றார் அக்கா.

"என்ர அண்ணை சவிரிமுத்து. கொன்றைமோட்டை கிராமத்து அரசாங்க மருந்தகத்தில மருந்து குடுக்கிறவர். இருபத்தியாறு வருசம். இன்சுலினைக் களவா வித்துப்போட்டார் எண்டு இப்ப வேலையால நிப்பாட்டி வைச்சிருக்கினம். திங்கட்கிழமை மருந்துப் பாலம்காரர் சுகாதாரப் பகுதிக்குக் கடிதம் குடுக்கப்போகினம். அது போனால் பொலிஸ்தான்."

"வித்தவரோ?"

"இல்லை."

"எப்பிடித் தெரியும்?"

"அவர் ஒண்டும் கதைக்கிறார் இல்லை அக்கா. வித்திருந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பார்."

மருந்துப் பாலம் என்பது லண்டன் தமிழர்கள் சிலர் நடத்தும் அறக்கட்டளை. வன்னிப் பக்கத்து இருபத்திரண்டு கிராம மருந்தகங்களுக்குத் தலா ஒரு தொடுதிரைக் கருவி கொடுத்திருந்தார்கள். டாப் என்பார்கள் அங்கே. எந்த மருந்து எவ்வளவு மிச்சம் என்று தினமும் அதில் பதிய வேண்டும். போதுமான அளவு இருந்தால் லண்டன் திரையில் அந்த ஊர் பச்சை. குறைந்தால் சிவப்பு, அன்றைக்கே டவுனிலிருந்து ஒரு வாகனம் மருந்தோடு புறப்படும். நோயாளிகளும் போனில் பார்த்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. எங்கள் ஊரில் மருந்து இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ரெண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

செப்டம்பர் தொடக்கத்தில் மேனுஷா என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இன்சுலின் முடிந்துவிட்டது. டவுனில் வேலை செய்யும் அவள் அண்ணன் வாங்கி பஸ்ஸில் கொடுத்து அனுப்பத் தயாராக இருந்தான். அதற்கு முன் போனில் பார்த்தான். கொன்றைமோட்டை பச்சை, பதினான்கு குப்பி. அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பஸ் கண்டக்டரிடம் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினான். அப்பா அவளை மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனார். மருந்தக அலமாரியில் ஒரு குப்பிகூட இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் அவள் இறந்துவிட்டாள்.

இதையெல்லாம் றோஸ்மலர் பஸ் நேரம் சொல்கிறவர் மாதிரிச் சொல்லி முடித்தார்.

அப்போது மேசையில் இருந்த ஒரு போன் கிணுகிணுத்தது. சமையலறைக் கதவோரம் நின்றிருந்த அவர் மகள் ஏஞ்சலா ஓடிவந்து அதை அணைத்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். தூங்கிப் பல நாளான முகம்.

"என்னம்மா அலாரம்?" என்றேன்.

"வைட்டமின் குளிசைக்கு, அங்கிள்."

அங்கிள்! எனக்கு முப்பத்தெட்டுதான். அந்த வருத்தத்தில், அவள் மாத்திரை எதுவும் போடவில்லை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுவரில் ஒரு படம். தாயும் மகளும் ஒரே மாதிரி நீல டீ-ஷர்ட்டில், ஒரு கோச் வண்டிக்கு முன்னால்.

"வோல்சிங்கம் மாதா திருவிழாவோ?" என்று கேட்டார் அக்கா.

"ஓம், யூலையில. கோச் சனி விடியவே வெளிக்கிட்டது. ரெண்டு நாளும் கூடாரத்தில. அங்க போன் சிக்னலும் பிடிக்காது, ஒண்டும் பிடிக்காது. அண்ணையின்ர மருந்தகத்துக்கு இந்த முறை நல்ல பேர் வரவேணும் எண்டு மெழுகுதிரி கொளுத்தினனான். ஆண்டுவிழாவில ஒவ்வொரு இடமா வாசிப்பினம் எல்லோ."

வாசலில் செருப்பைப் போடும்போது அக்காவிடம் அவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஒண்டுமே தெரியேல்லை அக்கா. கைகால் எல்லாம் மரத்துப்போன மாதிரிக் கிடக்கு."

தேநீரை நான் முழுவதும் குடித்திருந்தேன். நாலு கரண்டிச் சீனி, ருசியே தெரியவில்லை. எனக்கும் அது தொற்றிவிட்டது போல.

*

குட்மேய்ஸில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே மருந்துப் பாலத்தின் அலுவலகம். படியேறும்போதே கருவாடு வாசம். உள்ளே சுவர் முழுக்க ஒரு தொலைக்காட்சித் திரை, அதில் இருபத்திரண்டு புள்ளிகள். இருபத்தொன்று நிறத்தோடு இருந்தன. ஒன்று மட்டும் சாம்பல்.

"அதுதான் கொன்றைமோட்டை," என்றார் செயலாளர் சபாரத்தினம். அறுபத்தைந்து தாண்டியவர். கோட்டின் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். "ஆளை நிப்பாட்டின நாளில இருந்து பதிய ஒருத்தரும் இல்லை."

"சாம்பல் எண்டால் என்ன நடக்கும் அண்ணை?"

"மூண்டு நாள் இலக்கம் வராட்டி சாம்பல் ஆகும். நாலாம் நாள் வாகனம் போய்ப் பாக்கும், என்ன ஏது எண்டு."

"இலக்கத்தை ஆர் போடலாம்?"

"அந்தந்த மருந்தகத்தின்ர பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஆள். நாங்கள் இஞ்ச இருந்து பாக்க மட்டும்தான் ஏலும்."

அவர் ஒரு அச்சுப் பிரதியை நீட்டினார். கொன்றைமோட்டை, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. கடைசிப் பக்கத்தில் மஞ்சள் மை பூசியிருந்தார்.

"இதைப் பாருங்கோ. பன்னிரண்டு நாள். இன்சுலின் பதினாலு, பதினாலு, பதினாலு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. களவெடுத்தவன் அதே இலக்கத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறான்."

"அவர் என்ன சொல்லுறார்?"

"முதல் நாள் ஒண்டு சொன்னவர். போன் டவர் பழுது, பன்னிரண்டு நாளா சிக்னல் இல்லை எண்டு. அப்ப இலக்கம் மட்டும் எப்பிடி வந்தது எண்டு கேட்டன். அதோட வாயை மூடினவர்தான். இண்டை வரைக்கும் ஒரு சொல்லு இல்லை."

"மாட்டிக்கிட்டா வாய் மூடத்தானே செய்யும்," என்றேன் நான்.

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கவுன்சிலில் பல பேர் பெனிபிட்டைத் திருப்பிக் கட்டியிருப்பார்கள்.

என் கண் மூலை மேசைக்குப் போனது. அங்கே ஒரு பளபளப்பான கேடயம். 'ஆண்டின் சிறந்த மருந்தகம்' என்று பொறித்து, பெயருக்கு இடம் விட்டிருந்தது. பக்கத்தில் ஆண்டுவிழா அழைப்பிதழ்க் கட்டு. எல்லா ஊரும் பச்சையாக இருந்தால் யாருக்கு இலாபம்? மேடையில் நின்று மாலை வாங்கப் போகிறவருக்கு.

"சார், விழாவுல இருபத்திரண்டும் பச்சைன்னு சொல்றதுக்கு நல்லாத்தான் இருந்திருக்கும், இல்லையா?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். திரையைத்தான் பார்த்தார்.

"அந்தப் பச்சையை நானும் இதில இருந்து பாத்தனான் தம்பி," என்றார். "ஒவ்வொரு நாளும். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பாத்தனான்."

*

திரும்புகிற ரயிலில் அக்கா அச்சுப் பிரதியை மடியில் விரித்தார். நான் எதிர் இருக்கையிலிருந்து தலைகீழாக வாசித்தேன்.

"எனக்கு சபாரத்தினம் சார் மேலதான் சந்தேகம். பார்க்க மட்டும்தான் முடியும்னு யார் சொன்னது? அவரே."

"நேரத்தைப் பார் சுந்தர்."

"பகல் ஒன்றரை. மே மாசத்துல இருந்து எல்லா நாளும் பகல் ஒன்றரை." எனக்குச் சிரிப்பு வந்தது. "சோத்து நேரத்துல மருந்து எண்ணுறாரா? எங்க ஊர் கவர்மென்ட் ஆஸ்பத்திரில அந்த நேரத்துக்குச் சாவி எங்க இருக்குன்னே யாருக்கும் தெரியாது."

"இலக்கம் வராத நாளுகளைப் பார்."

ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிட்டு விரலை ஓட்டினேன். இடையில் சில நாள்கள் காலியாக இருந்தன. மே முதல் திங்கள். மே கடைசித் திங்கள். ஆகஸ்ட் கடைசித் திங்கள். இந்த மூன்று திங்கட்கிழமைகளையும் எனக்கு எங்கோ நன்றாகத் தெரியும். கூரியர் கம்பெனியில் வேலை செய்தபோது இதே மூன்று நாளுக்கும் லீவு கேட்டுத்தான் சூப்பர்வைசரோடு சண்டை போடுவேன்.

"அக்கா! இது பேங்க் ஹாலிடே! இங்கிலாந்துக்கே லீவு!"

"ஓம்."

"கொன்றைமோட்டையில ஏது பேங்க் ஹாலிடே?"

"நல்ல கேள்வி. இப்ப இதைப் பார்." அக்கா பேனாவால் நாலு தேதிகளைச் சுற்றினார். ஒவ்வொன்றிலும் இலக்கம் இருந்தது. "வெசாக். பொசன். யூலைப் பறுவம். ஆகஸ்ட் பறுவம். எல்லாம் போயா நாள். பறுவம் வந்தால் அங்க முழு நாடும் லீவு. மருந்தகம் பூட்டு. பூட்டின மருந்தகத்தில இருந்து ஆர் மருந்து எண்ணினது?"

எனக்கு அந்தப் பௌர்ணமிக் கணக்குத் தெரியாது. பேங்க் ஹாலிடேயை அக்கா என் வாயால் சொல்ல வைத்தார். ஆளுக்குப் பாதியாகக் கண்டுபிடித்தோம். வேறு நாளாக இருந்தால் கைதட்டியிருப்பேன்.

"அப்போ இலக்கம் போட்டது லண்டன்ல இருக்கிற ஆள்," என்றேன். "சொன்னேன்ல, சபாரத்தினம்."

"இதையும் பார்த்திட்டுச் சொல்லு."

ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலி. பேங்க் ஹாலிடே இல்லை. பௌர்ணமியும் இல்லை.

"அவர் சொந்தக்காரங்க கல்யாணமா இருக்கும்."

அக்கா பேனாவை மூடினார். பிறகு கேட்டார்: "கோடையில அங்க பகல் ஒன்றரை எண்டால் இஞ்ச எத்தினை மணி?"

நாலரை மணி நேரத்தைக் கழித்தேன். காலை ஒன்பது.

காலை ஒன்பது. மேசையில் கிணுகிணுத்த போன். ஓடிவந்து அணைத்த கை. சுவரில் நீல டீ-ஷர்ட். கோச் சனி விடியவே வெளிக்கிட்டது. அங்கே போன் பிடிக்காது.

அடுத்து ஒரு ஜோக் சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தேன். அதை அப்படியே மூடினேன்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"வாயை மூடினவர் எண்டு சபாரத்தினம் அண்ணை சொல்லேக்க யோசிச்சனான். கள்ளன் சாட்டுத் தேடுவான். சவிரிமுத்து, இலக்கம் வந்தது எண்டு கேட்ட உடன வாயை மூடினவர். தான் போடாத இலக்கத்தை ஆர் போட்டிருப்பினம் எண்டு அந்த நிமிசம் அவருக்குத் தெரிஞ்சிட்டுது."

*

ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கி, பிளாட்ஃபாரத்து இருக்கையில் உட்கார்ந்து சவிரிமுத்துவை அழைத்தோம். டவர் இப்போது சரியாகிவிட்டது. குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவது மாதிரித் தெளிவாக வந்தது. அக்கா தன்னை யாரென்று சொன்னார்.

"டாப் எப்ப பழுதானது அண்ணை?"

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஏப்ரல் கடைசி," என்றார்.

"பிறகு?"

"போனில பேசி அனுப்புவன். வொயிஸ்."

"ஆருக்கு?"

"பிள்ளையை விடுங்கோ தங்கச்சி. எனக்கு இன்னும் நாலு வருசம்தான் வேலை. அவளுக்கு முழுக்கக் கிடக்கு."

"டவர் இல்லாத பன்னிரண்டு நாளும் என்ன செய்தனீங்கள்?"

"றோட்டைப் பாத்துக்கொண்டு இருந்தனான்." அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "கிடந்த பதினாலு குப்பியும் முதல் கிழமையிலயே முடிஞ்சுது. நான் அந்தரப்படேல்லை. இலக்கம் போகாது, மூண்டாம் நாள் லண்டனில சாம்பல் ஆகும், நாலாம் நாள் வாகனம் வரும். அதுதானே விதி. இண்டைக்கு வரும், நாளைக்கு வரும் எண்டு சனத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தனான். மேனுஷாவின்ர தகப்பன் வந்த அண்டைக்கும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு, வாகனமாக்கும் எண்டுதான் வெளியில ஓடினனான்."

ரயில் ஒன்று வந்தது. நாங்கள் ஏறவில்லை.

*

கதவைத் திறந்தது ஏஞ்சலாதான். அக்காவின் கையில் இருந்த அச்சுப் பிரதியையும், சுற்றிவிட்ட தேதிகளையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்த் தாயின் எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, நான்தான்."

றோஸ்மலருக்குப் புரியவில்லை. "என்ன நீ?"

"மாமாவின்ர டாப் உடைஞ்சது. புதுசு கேட்டா கவனமில்லாத ஆள் எண்டு சொல்லுவினம் எண்டார். பாஸ்வேர்ட் தந்தார். டெய்லி மாமா வொயிஸ் அனுப்புவார், நான் ஒன்பது மணிக்கு வேலைக்குள்ள போக முன்னம் டைப் பண்ணுவன். பேங்க் ஹாலிடேக்கு வேலையில்லை, மறந்துபோடுவன். அவ்வளவுதான்." அவள் மேசை விளிம்பைப் பார்த்தே பேசினாள். "போயாவுக்கு வொயிஸ் வராது. அப்ப முதல்நாள் இலக்கத்தையே போட்டன். ஒரு நாள்தானே. பிறகு ஆகஸ்டில வொயிஸ் வரவே இல்லை. கோல் பண்ணினன், போகேல்லை. அங்க அடிக்கடி அப்பிடித்தானே, சரியாகிடும் எண்டு நினைச்சு அதையே போட்டன். பதினாலு. மாமாவின்ர இடம் சாம்பல் ஆகக்கூடாது எண்டு."

"நீ போடாமல் விட்டிருந்தால்..." என்று தொடங்கினார் அக்கா. முடிக்கவில்லை.

"தெரியும்," என்றாள் ஏஞ்சலா. "வாகனம் போயிருக்கும். தெரியும் அன்ரி. அதுக்குப் பிறகு ஒண்டும் போடேல்லை. அலாரத்தை மட்டும் அழிக்க ஏலாமக் கிடக்கு. ஒன்பது மணிக்கு அடிக்கட்டும் எண்டு விட்டிருக்கிறன்."

நான் தாயைப் பார்த்தேன். இப்போதாவது அழுவார், கத்துவார், ஒரு அறை விழும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது நடந்திருந்தால் எனக்கு மூச்சு விட்டிருக்கும்.

"போன வருச ஆண்டுவிழா," என்றார் றோஸ்மலர். யாரிடம் என்று தெரியவில்லை. "மேடையில நிண்டு சாம்பல் ஆன இடங்களை வாசிச்சவை. ஒவ்வொரு பேருக்கும் சனம் ஆரின்ர ஆள் எண்டு திரும்பிப் பாத்தது. பக்கத்து மேசையில இருந்த தேவராசாவின்ர மனிசி குனிஞ்சு கொண்டிருந்தவ, அவவின்ர தம்பியின்ர இடம். காரில வரேக்க நான்தான் இவளிட்டைச் சொன்னனான். எங்கட மாமாவின்ர பேர் அப்பிடி ஒருநாளும் வரக்கூடாது, நீ பாத்துக்கொள் எண்டு."

"அம்மா."

"நான்தான் சொன்னனான்."

அறையில் கீழ்க்கடைக் கத்தியின் சத்தம் மட்டும் கேட்டது. டக், டக், டக். யாருக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்டிறைச்சி.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தாளை எடுத்து மேசையில் வைத்தார். இதுவரை எத்தனையோ பேர் முன்னால் அதே மாதிரித் தாள் வைத்திருக்கிறார். இந்தத் தடவை அதை நேராக வைக்க அவருக்கு நேரம் எடுத்தது.

"இதை நான் எழுத ஏலாது. சபாரத்தினம் அண்ணை திங்கட்கிழமை கடிதம் குடுக்கிறதுக்கு முன்னம் உங்கட கையால போகவேணும். போகாட்டி உங்கட அண்ணை உள்ளுக்குப் போவார், வாயே திறக்காமல். போனால் இவளின்ர பேர் வெளியில வரும். பிறகு என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியாது. பொய் சொல்லி உங்களைத் தேற்ற மாட்டன்."

றோஸ்மலர் பேனாவை எடுத்தார். 'சபாரத்தினம் அண்ணை அவர்களுக்கு' என்று எழுதினார். நிறுத்தினார்.

"அந்தப் பிள்ளையின்ர தாய்க்கு என்ன பேர்?"

எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நான் அச்சுப் பிரதியைப் புரட்டினேன், ஏன் புரட்டினேன் என்று தெரியாமலே. ஆறு மாதம், நாற்பத்தொரு மருந்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு இலக்கம். பாரசிட்டமோல் எத்தனை என்று இருந்தது. பஞ்சு எத்தனை பொதி என்று இருந்தது. ஆட்களின் பெயருக்கு அதில் இடமே இல்லை.

அக்கா மறுபடி சவிரிமுத்துவை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணை, நான் றோஸ்மலர். மேனுஷாவின்ர அம்மாவுக்கு என்ன பேர்?"

அவருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். தங்கை வீட்டில் எதுவரை போய்விட்டது என்று கேட்கவில்லை.

"தவமலர்," என்றார். "கோயிலுக்குப் பின்பக்கத்து வீடு."

றோஸ்மலர் முதல் வரியை வெட்டினார். அதன் கீழே 'தவமலருக்கு' என்று எழுதினார். பேனாவை மகளிடம் நீட்டினார்.

"எழுது. பதினாலு எண்டு போட்டது நான் எண்டு எழுது."

"நீங்கள் போடேல்லையே அம்மா."

"எழுது."

"றோஸ்மலர்," என்றார் அக்கா. அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை. "உங்கட அண்ணையும் இதைத்தான் செய்தவர். ஆளுக்காள் மறைச்சுத்தான் இவ்வளவும் நடந்தது. சபாரத்தினம் அண்ணைக்கு இதின்ர பிரதி குடுப்பம்; அந்த மனிசிக்காவது உண்மையான இலக்கம் போகட்டும்."

கீழே கத்திச் சத்தம் நின்றிருந்தது. றோஸ்மலர் மகளின் முகத்தை அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தார்.

"சரி," என்றார். "நாங்கள் எண்டு எழுது."

ஏஞ்சலா குனிந்து எழுதத் தொடங்கினாள்.